முடி நடும் அறுவை சிகிச்சையும் மற்ற வழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடி கொட்டுகிறதே என்று போனில் ஒரு தடவை தேடினால் போதும், அன்று மாலையே "3000 கிராஃப்ட் (நடப்படும் முடிக் கொத்து), மாதத் தவணை வசதி உண்டு" என்று விளம்பரம் வர ஆரம்பித்துவிடும். தேடியவருக்கு என்ன வகை முடி உதிர்வு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதனால் அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முன்னால், அதிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினால் கவலைப்பட வேண்டும்?

தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. எண்ணிக்கையை விட, எங்கே குறைகிறது, எப்படிக் குறைகிறது என்பதுதான் முக்கியம். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தும் முன்நெற்றி அப்படியே இருந்தால் அது ஒரு கதை. சீப்பில் ஒன்றுமே வராமல் நெற்றி மட்டும் வருஷா வருஷம் மேலே ஏறினால் அது வேறு கதை.

அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது ஆகியவை உடம்பை உலுக்கிப் போடும். அப்போது வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக் காலம் சுமார் மூன்று மாதம். அதனால்தான் காய்ச்சலை மறந்தே போன பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுகிறது. பலர் அந்த வாரம் மாற்றிய ஷாம்பூவைக் குறை சொல்வார்கள். வேர் சாகவில்லை என்பதால் காரணம் நீங்கியதும் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே திரும்பி வரும். இதற்குப் போய் முடி நட்டுக்கொள்வது வீண் செலவு.

இன்னொன்று பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு மிகவும் பரவலாக இருப்பது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. சிலரின் நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் அந்த டிஎச்டியைத் தாங்காது. உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் குட்டையாகி, கடைசியில் பூனை மயிர் மாதிரி ஆகிவிடும். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற சின்னக் கருவியை உச்சியில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே இடத்தில் தடித்த முடியும் நூல் போன்ற முடியும் கலந்து நிற்பது தெரியும். பிடரியில் வைத்தால் எல்லாம் ஒரே தடிமனாக இருக்கும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கான முடிவு அதிலிருந்துதான் வருகிறது.

இவை தவிர வட்ட வட்டமாக முடி போகும் புழுவெட்டு இருக்கிறது. தோலில் தழும்பு விழுந்து வேர்க்காலே அழிந்துபோகும் வகைகள் இருக்கின்றன. இறுக்கிப் பின்னுவதால் காதோரம் வழுக்கை விழுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

உப்புத் தண்ணீர், ஹெல்மெட், மொட்டை, இவையெல்லாம் காரணமா?

போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நுனியில் உடைய வைக்கலாம். ஆனால் வேரைத் தொடாது, வழுக்கையையும் கொண்டுவராது. ஹெல்மெட்டும் அப்படித்தான், தயவுசெய்து கழற்றிவிட வேண்டாம். பழனிக்குப் போய் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையில்லை. வெட்டிய முனை மழுங்கி இருப்பதால் புதிதாக வரும்போது தடிப்பாகத் தெரிகிறது. வேர்க்காலின் எண்ணிக்கை கூடாது.

எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, கறிவேப்பிலை?

கரிசலாங்கண்ணி எண்ணெயும் செம்பருத்தியும் முடியை மினுமினுப்பாக வைக்கும், உடையாமல் காக்கும். பிடித்தால் தாராளமாகத் தேய்க்கலாம். டிஎச்டியால் மெலிந்த வேரை இவை மீட்டதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. வெங்காயச் சாற்றைப் பற்றி ஈராக்கில் 2002-ல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஆனால் அது புழுவெட்டுக்கு, பரம்பரை வழுக்கைக்கு அல்ல. வட்டமாகப் போன முடி பலருக்குத் தானாகவே திரும்பி வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரை?

குறைபாடு இல்லாதவருக்குப் பலன் இல்லை, குறைபாடோ மிக அரிது. அதைவிட முக்கியமான ஒன்று: அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவு தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை, இருப்பதை இல்லை என்று காட்டலாம். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்திருக்கிறது. சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும்போது லேபில் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் வேலை செய்யும் மருந்து எது?

பரம்பரை வழுக்கைக்கு நன்றாக ஆராயப்பட்டவை முக்கியமாக இரண்டு.

முதலாவது மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை இது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்ந்ததைக் கவனித்துத்தான் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி இடம் விட்டுப் புதியது வருவதற்கான அறிகுறி அது. இந்த இடத்தில்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். தலையணையில் ஒட்டிய மருந்தை நக்கினாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து.

மிகக் குறைந்த அளவில் மினாக்சிடிலை மாத்திரையாகக் கொடுப்பதும் இப்போது பரவியிருக்கிறது. இதய நோயோ, குறைந்த ரத்த அழுத்தமோ, கால் வீக்கமோ இருப்பவர்கள் இதை மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு. இதன் கதை டொமினிக்கன் குடியரசில் தொடங்குகிறது. அங்கே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் பிறவியிலேயே குறைவாக இருந்த ஒரு குழுவைப் பற்றி 1974-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த ஆண்களுக்கு புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து மருந்து பிறந்தது. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி., 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கு தினம் 1 மி.கி. என அனுமதி வந்தது. இரண்டு வருட ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உச்சியில் முடி எண்ணிக்கை மேலும் குறையவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதில் இதற்கு இணையான மாத்திரைகள் குறைவு.

ஃபினாஸ்டரைடு ஆண்மையைக் கெடுக்கும் என்கிறார்களே?

பயத்தை ஒதுக்கித் தள்ளவும் கூடாது, ஊதிப் பெருக்கவும் கூடாது. ஆரம்ப ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு போன்ற ஏதாவது ஒரு தொல்லை இருந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் சுமார் 2 பேருக்கு இருந்தது. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிப்படுத்தியது. மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு மனம் கனத்துப்போனால் நிறுத்திவிட்டு உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். இந்த மாத்திரை புராஸ்டேட் புற்றுக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவைச் சுமார் பாதியாகக் காட்டும், அதனால் பரிசோதிக்கும் மருத்துவருக்கு நீங்கள் இதைச் சாப்பிடுவது தெரிய வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த அல்லது பொடித்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. கருவில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

பிஆர்பி, லேசர் சீப்பு?

கையில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, தலையில் ஊசியாகப் போடுவது பிஆர்பி. மாதம் ஒன்றாக மூன்று முறை, பிறகு இடைவெளி விட்டுத் தொடர்வது வழக்கம். சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு முறையில் தயாரிப்பதால் ஆய்வுகளை ஒப்பிடுவதே கஷ்டம். மருந்தோடு சேர்த்துச் செய்தால் சரி. மருந்துக்குப் பதிலாக இதை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேசர் சீப்புக்கு 2007-ல் எஃப்டிஏ விற்பனை அனுமதி கொடுத்தது. கிடைக்கும் பலன் சிறியது, வாரம் பல முறை பொறுமையாகச் செய்ய வேண்டும்.

முடி நடும் அறுவை சிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நாற்றங்காலில் இருந்து பிடுங்கி வயலில் நடுவது போலத்தான். பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள முடி டிஎச்டிக்கு அசையாது. அதை எடுத்து முன்னால் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950-களில் இதைக் காட்டினார். அவருக்கு முன்பே 1939-ல் ஜப்பானில் ஷோஜி ஒகுடா, முடி போன இடங்களில் சிறு தோல் துண்டுகளை நட்டதைப் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்துத் துண்டுகள் பெரியவை, நட்ட இடம் பொம்மைத் தலை மாதிரி இருக்கும். இன்று நடுவது ஒன்று முதல் நான்கு முடி வரை இயற்கையாகவே சேர்ந்து வளரும் ஒரு சின்னக் கொத்து. அதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள்.

காலையில் குப்புறப் படுக்க வைத்து, பிடரியை மழித்து, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். மயக்கம் கொடுப்பதில்லை, நினைவோடுதான் இருப்பீர்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பஞ்ச் என்ற வட்டக் கத்தி ஒவ்வொரு கொத்தையும் சுற்றி வெட்ட, இன்னொருவர் இடுக்கியால் மெதுவாக இழுத்தெடுப்பார். வெளியே வரும் துண்டில் இரண்டு கறுப்பு முடி, அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். அது காயக்கூடாது என்பதால் குளிர்ந்த சலைனில் போட்டு, ஒரு முடி, இரண்டு முடி, மூன்று முடி என்று பிரித்து வரிசையாக வைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாந்து படுக்க வேண்டும். நெற்றியோரத்தில் சின்னக் கீறல்கள் போட்டு, முதல் வரிசைகளில் ஒற்றை முடிக் கொத்துகளையும் பின்னால் இரண்டு, மூன்று முடிக் கொத்துகளையும் பொருத்துவார்கள். கீறலின் சாய்வும் திசையும் தவறினால் முடி வளர்ந்தும் பயனில்லை, பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும். பார்த்ததும் "இயற்கையாக இருக்கிறதே" என்று தோன்றுவது முழுக்க இந்தக் கீறல் வேலையில்தான் இருக்கிறது. 2500 கிராஃப்ட் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும்.

எஃப்யூஇ, எஃப்யூடி, எது நல்லது?

மேலே சொன்னது எஃப்யூஇ. எஃப்யூடி முறையில் பிடரியிலிருந்து ஒரு பட்டையாகத் தோலை வெட்டி, தையல் போட்டு, அந்தப் பட்டையை மைக்ரோஸ்கோப்பின் கீழ் கொத்து கொத்தாகப் பிரிப்பார்கள். கோடு மாதிரி ஒரு தழும்பு நிற்கும், முடியை ஒட்ட வெட்ட முடியாது. எஃப்யூஇயில் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு சிதறியிருக்கும். தழும்பே இல்லை என்ற விளம்பரம் பொய். இன்று பெரும்பாலும் எஃப்யூஇதான் செய்கிறார்கள். ரோபோ, முடியை நடும் விதவிதமான பேனா வடிவக் கருவிகள் எல்லாம் இவற்றின் கிளைகள். கருவியை விடக் கையைப் பாருங்கள்.

இழந்த அடர்த்தி முழுக்கத் திரும்புமா?

திரும்பாது. இந்த சிகிச்சையில் புது முடி உண்டாவதில்லை, இருப்பது இடம் மாறுகிறது. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னும் உச்சியும் முழுக்கப் போனவருக்கு வழுக்கைப் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. இருக்கலாம். பார்வைக்கு அடர்த்தியாகத் தெரிய சதுர செ.மீ.க்கு 40 கிராஃப்ட் வைத்தால் 8000 தேவை. பிடரி ஓட்டை விழுந்தது போல ஆகாமல் ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது பலருக்கு 5000, 6000 தான். ஆகவே நல்ல மருத்துவர் முகத்துக்குச் சட்டம் போல நிற்கும் முன்பகுதியில் அதிகம் வைப்பார், உச்சியில் சிக்கனமாக வைப்பார் அல்லது விட்டுவிடுவார். "ஒரே நாளில் 6000" என்பவரிடம் போனால் மிச்சம் இருக்காது. பின்னால் தேவைப்படும்போது எடுக்க இடமே இல்லாமல் போகும். தாடி முடியைச் சேர்க்கலாம், ஆனால் அது தடித்தது, சுருண்டது. நெற்றியோரத்துக்கு ஒத்துவராது.

எனக்கு 22 வயது, கல்யாணத்துக்கு முன் செய்துவிடலாமா?

வீட்டில் பெண் பார்க்கும்போது வரும் பேச்சும், அது கொடுக்கும் வலியும் உண்மையானவை. ஆனாலும் என் பதில், பொறுங்கள் என்பதுதான். 22-ல் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வயதின் நெற்றிக் கோட்டிலேயே நட்டுவிட்டால், பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து கொட்டும். முப்பதில் முன்னால் ஒரு வேலி, நடுவில் வெறுமை என்று நிற்கும். குறைந்தது ஒரு வருடம் மருத்துவர் மேற்பார்வையில் மருந்து எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் மற்ற முடியைக் காக்க மருந்து தேவைப்படும் என்பதால், முதலில் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெண்களுக்குச் செய்யலாமா?

சிலருக்கு மட்டும். பெண்களுக்குப் பெரும்பாலும் வகிடு அகன்று தலை முழுக்க மெலிகிறது. பிடரியும் மெலிந்திருந்தால் எடுக்க நல்ல முடியே இல்லை. முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் ரத்தசோகையைச் சரிசெய்யாமல் சீரம் பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் பெண்கள் ஏராளம். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். இழுத்துப் பின்னியதால் ஏற்பட்ட பழைய வழுக்கைக்கும், தீக்காயத் தழும்புக்கும் நடுவது நன்றாகப் பலன் தரும்.

புழுவெட்டுக்கு நடலாமா?

கூடாது. உடம்பின் எதிர்ப்பாற்றலே வேர்க்காலைத் தாக்கும் நோய் அது, நட்டதையும் தாக்கும். ஸ்டீராய்டு ஊசி சிறிய வட்டங்களுக்குப் பலன் தரும். தீவிரமானவற்றுக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை 2022-ல் எஃப்டிஏ அனுமதித்தது. அதை நிபுணரின் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டும்.

ஆபத்து உண்டா? யாரிடம் செய்வது?

சரியான கையில் பாதுகாப்பானது. ஆனால் இது அழகு நிலைய வேலை அல்ல, அறுவை சிகிச்சை. மரத்துப்போகும் மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு. மீறினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார், அந்த இடத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது முடி நடப் போதாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: கீறல் போடுவது யார், மருத்துவரா டெக்னீஷியனா? அவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? அன்று முழுக்க அந்தக் கட்டடத்தில் இருப்பாரா? அவசரத்துக்கு ஆக்சிஜனும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரும் எங்கே? மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். இஸ்தான்புல்லுக்குப் போவதாக இருந்தாலும் இதே கேள்விகள்தான். அங்கே மருத்துவர் பெயரைப் போட்டுவிட்டு டெக்னீஷியன்களே முழுக்கச் செய்யும் இடங்களைப் பற்றி, முடி நடும் மருத்துவர்களின் சர்வதேச சங்கமே எச்சரிக்கிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, சிகரெட் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

செலவு? இன்சூரன்ஸ் வருமா?

பெரும்பாலும் கிராஃப்ட் கணக்கில் விலை சொல்வார்கள். "3000 முடி" என்று ஒருவரும் "3000 கிராஃப்ட்" என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டு முடி இருப்பதால், முன்னது பின்னதில் பாதிதான். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அழகுக்காகச் செய்வதால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது, மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது. விபத்து, பிறவிக் குறை போன்றவற்றைச் சரிசெய்ய நடுவதற்கு மட்டும் வரி விலக்கு உண்டு. மாத்திரைக்கு முன்பான பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவு ஓபிக்கே போகலாம்.

செய்த பிறகு எப்படி இருக்கும்?

முதல் சில இரவுகள் தலையை உயர்த்தித் தூங்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றியும் கண்ணோரமும் வீங்கலாம், பயப்பட வேண்டாம். பொருக்கு பத்து, பதினான்கு நாளில் உதிரும், நகத்தால் கிள்ளக்கூடாது. ஹெல்மெட்டை மருத்துவர் சொல்லும் வரை, வழக்கமாக இரண்டு வாரம், போட முடியாது என்பதால் அதுவரை பைக்கை எடுக்கவே வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து நட்ட முடியே கொட்டிவிடும், அது பெரும்பாலோருக்கு நடப்பது. வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிதாக எட்டிப் பார்க்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம், உச்சியில் இன்னும் சில மாதம் கூடும். சீழ், கடும் வலி, காய்ச்சல், தோல் கறுத்துப்போவது இருந்தால் அன்றே போங்கள்.

கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றால்?

கெரட்டின் பொடி தூவினால் மெலிந்த உச்சி அடர்த்தியாகத் தெரியும், குளித்தால் போய்விடும். ஹேர் பேட்ச் ஒட்டிக்கொள்ளலாம். நம் வெயிலில் அடியில் வேர்த்து அரிக்கும், சில வாரங்களுக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்து ஒட்ட வேண்டும், அந்தச் செலவு தொடர்ந்து இருக்கும். தலையில் புள்ளி புள்ளியாகப் பச்சை குத்தி, ஒட்ட வெட்டியது போலக் காட்டும் முறையும் உண்டு.

எதுவுமே செய்யாமல் விட்டால் உடம்புக்குக் கெடுதலா?

பரம்பரை வழுக்கையால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். வெயிலில் மட்டும் தொப்பி போடுங்கள் அல்லது சன்ஸ்கிரீன் தடவுங்கள், மறைப்பில்லாத தலைத்தோல் சீக்கிரம் கன்றிப்போகும். ஆனால் முடி போன இடத்தில் எரிச்சல், வலி, சிவப்பு, செதில் இருந்தாலோ, தோல் வழவழவென்று ஆகி வேர்க்கால் துளையே தெரியாமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். அது தழும்பு விழும் வகையாக இருக்கலாம். அழிந்த வேர்க்கால் திரும்பாது என்பதால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.